மூணு பேர் பேண்டில் ரெண்டு பேர் தனியாகப் போனால்? பிளிங்க்-182 கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்_பேஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர். உயர்நிலை மூன்றில் படிக்கும்போது தொடங்கிய பேண்ட், பாப் பங்க், அதாவது மெட்டோடு வேகமாக ஓடும் ராக் பாட்டுதான் வாசிப்போம். நான் பேஸ், பாட்டில் பாதி என்னுடையது, மீதிப் பாதி கிட்டார் வாசிப்பவனுடையது. டிரம்மர் எனக்குப் பக்கத்து புளோக். பாலிடெக்னிக் முடித்து, சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போய், இரண்டு வருடம் ஆளுக்கொரு முகாமில் இருந்து, விடுப்பு கிடைத்து புக் அவுட் ஆனதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பச்சைப் பையோடு நேராக ஜாமிங் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள். அதையே தாண்டிவிட்டோம், இனி எதுவும் எங்களைப் பிரிக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் கிட்டார்காரனும் டிரம்மரும் சேர்ந்து வேறு பெயரில் நான்கு பாட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு இருவருமே சொல்லவில்லை, இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டால், "அது வேற மாதிரிப் பாட்டுடா, கொஞ்சம் இருட்டா இருக்கும், உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்" என்கிறான். அதற்கப்புறம் மூன்று வாரமாக நானும் அவனும் நேரில் பேசவில்லை. டிரம்மர்தான் நடுவில் நின்று அவன் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவனுக்கும் கடத்துகிறான்.

ஆறு வாரத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். தெம்பனிசில் ஒருவர் இருக்கிறார், எங்கள் பாட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி, கிட்டார் வாசிக்கத் தயார் என்கிறார்.

அமெரிக்க பாப் பங்க் பேண்டான பிளிங்க்-182லும் இப்படி நடந்தது என்று தெரியும், ஆனால் நான் பிறந்ததே 2001ல், மேலோட்டமாகத்தான் தெரியும். அதில் பேஸ் வாசிக்கும் மார்க் ஹோப்பஸ் அப்போது என்ன செய்தார்? பின்னால் கிட்டார்காரர் டாம் விலகியதும் அவர் இடத்தில் மாட் ஸ்கிபாவை வைத்துக்கொண்டு தொடர்ந்தது சரியா? அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_சிடி எழுதியது:

தம்பி, உன் பதிவைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெயர்களை மட்டும் மாற்றினால் இது 2002ல் அந்தப் பேண்டுக்கு நடந்ததேதான்.

நான் 1999ல் இருந்து கேட்கிறேன். அப்போது ஆர்ச்சர்ட் ரோட்டில் ஹீரன் கட்டடத்தில் எச்எம்வி இசைத்தட்டுக் கடை இருந்தது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றபடியே முழு ஆல்பமும் கேட்கலாம். நானும் அப்போது தேசிய சேவையில். 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஆல்பத்தை அங்கே நின்று மூன்று தடவை கேட்டுவிட்டு, அடுத்த மாதம் படித்தொகை வந்த அன்றே போய் வாங்கினேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, அடியிலிருந்தே வருகிறேன். 1992, கலிபோர்னியாவில் சான் டியேகோவை ஒட்டிய பவ்வே என்ற புறநகர். மார்க்கின் தங்கைதான் டாம் டிலாங்கை அண்ணனுக்கு அறிமுகப்படுத்தினாள். சந்தித்த அன்றே மணிக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள், டாமை அசத்த வேண்டும் என்று மார்க் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறி, இறங்கும்போது காலில் அடிபட்டு ஊன்றுகோலோடு திரிந்தார். உங்கள் உயர்நிலை மூன்று மாதிரிதான். டிரம்ஸ் ஸ்காட் ரேனர், அவர் பள்ளிக்கூடப் பையன். பெயர் வெறும் பிளிங்க்தான், அயர்லாந்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் பின்னால் 182 சேர்ந்தது. 1997ல் இரண்டாவது ஆல்பம் வந்து பெயர் பரவியது. 1998ல் சுற்றுப்பயணத்தின் நடுவில் ரேனர் குழுவை விட்டுப் போக, கூடப் பயணம் செய்த அக்வாபேட்ஸ் குழுவின் டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் இருபது பாட்டையும் கற்றுக்கொண்டு மேடை ஏறினார் என்பார்கள். அடுத்த வருடம் நான் எச்எம்வியில் நின்று கேட்ட அந்த ஆல்பம். 2001ல் வந்த அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரமே முதலிடம். இதுவரை ஏறுமுகம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அவர்களுடைய ஐரோப்பியப் பயணம் தள்ளிப்போனது, கையில் நேரம் கிடைத்தது. டாமுக்கு அப்போது கடுமையான முதுகுவலி. வலியோடு உட்கார்ந்து எழுதிய பாட்டெல்லாம் இருட்டாக, கனமாக வந்தது, பிளிங்க் மாதிரி இல்லை. தனியாகப் பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தார், டிரம்சுக்கு வெளியாள் வைத்துக் காசு கொடுக்க வேண்டாம் என்று டிராவிஸைக் கூப்பிட்டார். அதுதான் பாக்ஸ் கார் ரேசர். சின்ன முயற்சி என்று சொல்லித்தான் தொடங்கியது, பிறகு இசை நிறுவனம் கையில் எடுத்து, சுற்றுப்பயணம் அது இது என்று பெரிதாகிவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு பேண்டில், மார்க் மட்டும் வெளியே. தனக்கு அது துரோகம் மாதிரி இருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அப்போது மார்க் என்ன செய்தார் என்று கேட்டாய். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் போய்ப் பாடிக் கொடுத்தார். அந்த வருத்தத்தோடேயே போய்ப் பாடினார். ஆனால் மனதில் இருந்ததைக் கொட்டி முடிக்கவில்லை. நான் இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்ததில் விரிசல் அங்கேதான். 2003ல் மூவரும் மறுபடி சேர்ந்து பெயர் வைக்காத ஆல்பம் ஒன்று போட்டார்கள், என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே உச்சம் அதுதான். மூன்றே கிட்டார் கார்டில் வேகமாக வாசித்துவந்த பேண்ட், பெரிய மர டபுள் பேஸையும் டிரம்ஸை மெல்ல வருடும் பிரஷ் குச்சியையும் கையில் எடுத்தது, தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் வந்து ஒரு பாட்டுப் பாடினார். இவ்வளவு நல்ல ஆல்பம் செய்யும் மூன்று பேருக்குள்ளே புண் ஆறாமல் இருக்கும் என்று வெளியே இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் டாம் பயணத்தைக் குறைக்க வேண்டும், வீட்டில் குழந்தையோடு இருக்க வேண்டும் என்றார். மற்ற இருவருக்கும் ஓட வேண்டும். உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியதுதான், ஆனால் மேனேஜர்கள் வழியாகப் பேசினார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்கு நிதி திரட்ட அனாஹைமில் ஒரு கச்சேரி, அதில் வாசிக்க ஒப்புக்கொண்டு கடைசியில் விலகினார்கள். நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பம் எங்களுடையது, வீட்டில் எல்லாரும் இரவு பகலாகத் தொலைபேசியும் கையுமாக இருந்த நேரம் அது, அதனால் அந்தச் செய்தி எனக்கு ரொம்பவே கசந்தது. சில நாளில், 2005 பிப்ரவரி 22, காலவரையில்லா இடைவெளி என்று நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பைக்கூட மூவரும் சேர்ந்து நின்று சொல்லவில்லை.

இரண்டாவது பாதியை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உன் டிரம்மரை நடுவில் நிறுத்தாதே.

ரெட்ஹில்_டிரம்ஸ் எழுதியது:

பழைய சிடி அண்ணன் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், நானும் டிரம்மர் என்பதால்.

நடுவில் நிற்பவன் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. டிராவிஸ் 2002ல் டாமோடு பாக்ஸ் கார் ரேசரில் இருந்தார், 2005ல் பேண்ட் நின்றதும் மார்க்கோடு சேர்ந்து +44 என்ற குழுவில் வாசித்தார். இரண்டு பக்கத்துக்கும் ஆள் அவர்தான். உங்கள் நண்பன் உங்களை ஏமாற்ற நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. டிரம்மரை யார் கூப்பிட்டாலும் போவான். எங்களுக்கு வீட்டில் அடிக்க வழியில்லை, வீவக அடுக்குமாடி வீட்டில் ரப்பர் பேடில் அடித்தாலே கீழ்வீட்டிலிருந்து ஆள் வரும், ஸ்டூடியோவுக்கு ஒருவன் காசு கொடுக்கிறேன் என்றால் நான் என்ன பாட்டு என்றுகூடக் கேட்காமல் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

வாசிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேண்டில் டாமின் கிட்டார் எளிமையானது, பவர் கார்டைக் கை வைத்து அமுக்கி வாசிப்பது, மேலே இரண்டு மூன்று நோட்டில் ஒரு மெட்டு. மார்க் பிக் வைத்து நேராக ஓட்டுவார். இரண்டும் எளிமையாக இருப்பதால்தான் டிராவிஸுக்கு இவ்வளவு இடம். அவர் பள்ளியில் அணிவகுப்பு பேண்டில் பயின்றவர், ஸ்னேர் டிரம்மில் அந்தக் கை அப்படியே தெரியும். இங்கே தேசிய தினத்தில் ராணுவ இசைக்குழு நடந்துகொண்டே அடிப்பதைக் கவனித்திருந்தால் புரியும், அதே உருட்டலைத்தான் இவர் மூன்று மடங்கு வேகத்தில் கொண்டுபோய்ப் பாப் பாட்டுக்குள் வைக்கிறார். மூன்று பேர் பேண்டில் ஒரு ஆளை மாற்றினால் மற்ற இருவரின் வாசிப்பும் மாறிவிடும், நான்கைந்து பேர் இருந்தால் இந்த அளவுக்குத் தெரியாது. தெம்பனிஸ்காரர் பாட்டெல்லாம் தெரிந்தவராக இருக்கலாம், ஆனால் உங்கள் டிரம்மர் எந்த இடத்தில் கொஞ்சம் பின்தங்கி அடிப்பான் என்று பழைய ஆளுக்குத்தான் தெரியும்.

உட்லண்ட்ஸ்_கவி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாட் ஸ்கிபா வந்த காலத்தைப் பலர் ஏதோ இடைக்கால ஏற்பாடு மாதிரிப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. 2015ல் டாம் மறுபடி விலகியபோது மற்ற இருவருக்கும் முன்னால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மேடை இருந்தது. ஆல்கலைன் ட்ரையோ குழுவில் பல வருடம் பாடிய ஸ்கிபாவைக் கூப்பிட்டார்கள். அவர் டாம் மாதிரி மூக்கால் இழுத்துப் பாட முயற்சி செய்யவே இல்லை, தன் குரலில்தான் பாடினார். 2016ல் வந்த 'கலிபோர்னியா' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, அதற்கு முந்திய எந்த ஆல்பத்துக்கும் கிடைக்காத கிராமி பரிந்துரையும் கிடைத்தது. நான் பிளிங்க் கேட்க ஆரம்பித்ததே அந்த ஆல்பத்தில்தான். பாலிடெக்னிக் முதல் வருடம், காலையில் உட்லண்ட்சிலிருந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால் இறங்கும்வரை அதுதான் ஓடும். எனக்கு அந்தக் குரல்தான் பிளிங்க்.

நானும் ஒரு பேண்டில் கிட்டார் வாசித்தேன். எங்கள் பாடகி படிக்க மெல்பர்ன் போனபோது, அவள் வரும்வரை காத்திருப்போம், வேறு ஆள் வைத்தால் அவள் மனம் புண்படும் என்று முடிவெடுத்தோம். ஒரு வருடம் யாரும் எதுவும் வாசிக்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது திரும்பிச் சேர ஒரு பேண்டே இல்லை. மார்க்கும் டிராவிஸும் 2015ல் அப்படி உட்கார்ந்திருந்தால் 2022ல் டாம் எதற்குத் திரும்பி வந்திருப்பார்? அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் ஸ்கிபா. திரும்பி வந்ததும் டாமே அவருக்கு வெளிப்படையாக நன்றி சொல்லி எழுதினார், நீங்கள் இல்லையென்றால் இந்த பேண்ட் இன்று இருந்திருக்காது என்கிற மாதிரி.

அதனால் தெம்பனிஸ்காரரைக் கூப்பிடுங்கள். ஆனால் பழைய நண்பருக்கு நீங்களே சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். அவர் உங்களுக்குச் சொல்லாமல் செய்தது எவ்வளவு வலித்தது என்று உங்களுக்கே தெரியும்.

மூணு_கார்டு எழுதியது:

இன்னொரு பாப் பங்க் பேண்டான கிரீன் டே 1990ல் இருந்து அதே மூன்று பேர்தான், பில்லி ஜோவும் மைக்கும் பத்து வயதில் இருந்து நண்பர்கள். மூவருமே வேறு பெயர்களில் கூடுதல் பேண்டுகள் வைத்திருந்தார்கள், யாரும் உடையவில்லை. பக்கத்தில் இன்னொரு பேண்ட் இருப்பதே குற்றம் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

பழைய_சிடி எழுதியது:

வந்துவிட்டேன். கவி, நீ சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஸ்கிபாவுக்கு நான் உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. அந்த வருடங்களில் நான் அவர்களைக் கேட்பதையே நிறுத்தியிருந்தேன், அது என் தப்பு.

மீதிக் கதை. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய பெரிய ஆல்பங்களைத் தயாரித்த ஜெர்ரி ஃபின் இறந்துபோனார். அடுத்த மாதம், செப்டம்பர் 19, தென் கரோலினாவில் கொலம்பியா விமான நிலையத்தில் டிராவிஸ் ஏறிய சின்ன விமானம் கிளம்பும்போதே ஓடுபாதையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. ஆறு பேரில் நான்கு பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகள், அவருடைய இரண்டு நண்பர்கள். டிராவிஸுக்கு உடம்பில் 65 விழுக்காடு தீக்காயம், வாரக்கணக்கில் மருத்துவமனை. அதன்பிறகு 2021 வரை அவர் விமானத்தில் ஏறவே இல்லை. நான்கு வருடம் முகம் பார்க்காத டாம் அப்போதுதான் தொடர்புகொண்டார். 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் மூவரும் சேர்ந்து நின்று திரும்பி வருகிறோம் என்றார்கள். நான் காலையில் அலுவலகத்தில் அந்தக் காணொளியைப் பார்த்து அழுதேன்.

ஆனால் தம்பி, இந்த இடத்தைக் கவனித்துப் படி. விபத்து அவர்களைச் சேர்த்துவைத்தது, பேசவைக்கவில்லை. 2011ல் வந்த ஆல்பத்தை டாம் சான் டியேகோவில் தன் ஸ்டூடியோவிலும் மற்ற இருவர் லாஸ் ஏஞ்சலிசிலும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். பாதி வேலை மின்னஞ்சலில். கேட்டாலே தெரியும், நல்ல பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும் சூடு இல்லை. நான்கு வருடத்தில் மறுபடி உடைந்தது, அதுவும் மேனேஜர் அனுப்பிய மின்னஞ்சலோடு.

பிறகு 2021. மார்க்குக்கு நான்காம் கட்டப் புற்றுநோய், நிணநீர்ச் சுரப்பியில். சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த படம் ஒன்றை நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் போடுவதாக நினைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டார், அப்படித்தான் உலகத்துக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் மூவரும் மார்க் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். மேனேஜர் இல்லை, நிறுவனம் இல்லை. வருடக்கணக்காக உள்ளே வைத்திருந்ததைப் பேசித் தீர்த்தார்கள். செப்டம்பரில் புற்றுநோய் நீங்கியது என்று மருத்துவர் சொன்னார், 2022 அக்டோபரில் டாம் திரும்பிவிட்டார் என்ற அறிவிப்பு, 2023 ஏப்ரலில் கோச்செல்லா இசை விழா மேடை, அக்டோபரில் புது ஆல்பம், மறுபடி முதலிடம். அதன் தலைப்புப் பாட்டே, சேர்வதற்கு ஒரு நோயும் ஒரு விபத்தும் வர வேண்டியிருந்ததே என்று கேட்கும் பாட்டுதான். ஐம்பது வயதை ஒட்டிய மூன்று பேர் அதை ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுகிறார்கள். 2002ல் இருந்து எண்ணினால் இருபது வருடம்.

உங்கள் மூவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஈசூனுக்குள்ளேயே இருக்கிறீர்கள் போலிருக்கிறது. எங்கள் காலத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சப்ஸ்டேஷன் கலை மையத்தின் தோட்டத்தில் வாசித்த குழுக்களில் பாதி இப்படித்தான் போனது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களை விட, "அவன் கூப்பிடட்டும்" என்று இருந்தவர்கள்தான் அதிகம். அந்த இடமும் 2021ல் கைமாறிவிட்டது. போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டு.

ஈசூன்_பேஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

டிரம்மரிடம் முதலில் பேசினேன். இனி நீ செய்தி கொண்டுபோக வேண்டாம் என்றேன். அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் "தூக்கமே வரலடா" என்றான். ரெட்ஹில் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. அவனுக்கு அது ஒரு பதிவு வேலை மட்டும்தான், நான்கு பாட்டும் ஒரே மதியத்தில் முடித்திருக்கிறார்கள்.

நேற்று இரவு கிட்டார்காரன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்து, என்ன இத்தனை நாள் ஆளையே காணோம், சாப்பிட்டாயா என்றார். அவர் போட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இருவரும் கீழே புளோக் அடியில் போய் உட்கார்ந்தோம். பாட்டு எழுதியது அவன் அப்பாவைப் பற்றியாம். போன வருடம் அவர் இறந்ததில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறான். எங்கள் பேண்டில் எல்லாரும் குதித்து வாசிக்கும் பாட்டுகளுக்கு நடுவில் அதைக் கொண்டுவர முடியவில்லை, என்னிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை என்றான். அந்தச் சாவுக்கு நான் மூன்று நாளும் கூட இருந்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

நிகழ்ச்சிக்கு அவன் வரவில்லை, இப்போதைக்கு வேகமான பாட்டு வாசிக்க மனம் இல்லை என்கிறான். கவி அக்கா, தெம்பனிஸ்காரரைப் பற்றி நானே அவனிடம் சொன்னேன். நல்ல வாசிப்பு, கூப்பிடு, ஆனால் மூன்றாவது பாட்டின் நடுவில் வரும் இடத்தை அவர் தப்பாக வாசிக்கிறார், நான் வந்து காட்டித் தருகிறேன் என்றான். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஸ்டூடியோ எடுத்திருக்கிறேன், நான்கு பேரும் வருகிறோம். அவனுடைய இரண்டாவது பாட்டில் பின்குரல் பாடித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறான், இன்று முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.